இருபத்தேழுக்கு இருபத்தொண்ணு

அந்தச் சேர்ல உக்காராதீங்க அண்ணாச்சி, அதுக்கு ஒரு கால் குட்டை. இங்கிட்டு வாங்க. ஒரு நாற்காலிய நாலு காலும் தரையில படுற மாதிரி போட இவங்களால முடியல, மனுஷன் மனச அளக்கப் போறாங்களாம்.

உங்க கையிலயும் குடுத்துட்டாளா அந்தத் தாள? காட்டுங்க பாப்போம். ஆமா, அதேதான். ஒம்பது கேள்வி. கடந்த ரெண்டு வாரத்துல எத்தன நாள் இப்படி இருந்துச்சு? ஒருநாளும் இல்லையா, சில நாளா, பாதி நாளுக்கு மேலயா, தெனமுமா? இல்லன்னா பூஜ்யம், தெனமும்னா மூணு. கடைசியில கூட்டிப் போட்டா மார்க்கு வந்துரும். இருபத்தேழுக்கு நீ எவ்வளவு எடுத்தியோ அவ்வளவு கோட்டி, அவ்வளவு பைத்தியம். இதுக்கு ஒரு படிப்பு, ஒரு ஆராய்ச்சி, கழுத்துல தொங்கவிட ஒரு அட்டை. தூ!

நீங்க நெஞ்சுவலின்னுதான வந்திருக்கிய? அதான பாத்தேன். என் வீட்டம்மாவும் நெஞ்சு படபடங்குதுன்னுதான் வந்தா. இங்க இருதயத்துக்குன்னு வாரவங்க எல்லாத்துகிட்டயும் இந்தத் தாள நீட்டுதாங்க. நெஞ்சுல கோளாறு உள்ளவனுக்கு மனசுலயும் பதட்டம், சோர்வு எதும் இருக்கான்னு பாக்காங்களாம். பல்லுவலின்னு போனவன்கிட்ட ஜாதகம் கேட்ட மாதிரி இருக்கு.

அவ இப்ப உள்ள இருக்கா. அந்தா, பச்ச ஸ்கிரீன் போட்டிருக்கே, ஏழாம் நம்பர் ரூம். முக்கா மணி நேரம் ஆச்சு. ஒம்பது கேள்விக்கு முக்கா மணி நேரமா என்னத்த பதில் சொல்லுதா? நான் வெளிய உக்காந்திருக்கேன். உக்கார வச்சிருக்காங்க. இந்தா, சட்டப்பையில ஒரு தாள் இருக்கு பாருங்க. இதுல நான் கையெழுத்துப் போட்டா அவள இங்கயே மாடியில, மனசு வார்டுல, பத்து நாள் வச்சுக்கிடுவாங்க. போடலன்னா சாயந்தரம் அஞ்சு மணி பஸ்ஸுக்கு அவளக் கூட்டிக்கிட்டு நான் சங்கரன்கோவில் போயிருவேன். போட மாட்டேன். ஏன்னு சொல்லுதேன், கேளுங்க. உங்க டோக்கன் என்ன, நாப்பத்தாறா? முப்பத்தொண்ணுதான் ஓடுது. நெறைய நேரம் கெடக்கு.

நான் எடையளவு ஆய்வாளரா இருந்து ரிட்டையர் ஆனவன். கடைக்காரங்க முத்திர இன்ஸ்பெக்டர்ம்பாங்க. கோவில்பட்டி, தென்காசி, அம்பாசமுத்திரம்னு இருபத்தொம்பது வருஷம். ஒருத்தன்கிட்ட ஒரு டீ வாங்கிக் குடிச்சதில்ல. சந்தைக்குள்ள என் ஜீப் நொழஞ்சா பாதிக் கடைய அடைச்சிருவானுவ. எடைக்கல்லுக்கு அடியில ஓட்ட போட்டு ஈயம் ஊத்தி, அதுமேல நாங்க முத்திர குத்தியிருப்போம். அந்த ஈயத்த நோண்டி எடுத்துட்டு மெழுக வச்சு அடைச்சிருப்பான். தராசுத் தட்டுக்கு அடியில புளிய ஒட்டியிருப்பான். அத்தனையும் பிடிச்சிருக்கேன். எப்படிங்கிய? ரொம்ப லேசு. மொதல்ல கடைக்காரன ரெண்டடி தள்ளி நிக்கச் சொல்லணும். அவன் பக்கத்துல நின்னா ஒரு வெரல் போதும், முள்ளு அவன் சொன்ன எடத்துல நிக்கும். அடுத்து, ஒரே கல்ல மூணு தடவ தட்டுல வைக்கணும். மூணு தடவையும் ஒரே எடை காட்டணும். இப்ப ஒண்ணு, நாளைக்கு ஒண்ணுன்னு காட்டுச்சுன்னா அது தராசு இல்ல, தகரம். சீல் வச்சுத் தூக்கிட்டு வந்துருவேன்.

அப்படிப்பட்டவன்கிட்ட வந்து ஒரு சின்னப்பொண்ணு, பெனிட்டான்னு பேரு, இங்க ஆராய்ச்சி பண்ணுதாளாம், நீங்க இப்ப பாத்தியளே, கண்ணாடி போட்டுக்கிட்டு, ஊதுனா விழுந்துரும், அந்தப் பொண்ணு ‘சார், இது ஒரு அளவுகோல்’ங்கா. அளவுகோலாம்! நானும் சிரிக்காம கேட்டுக்கிட்டேன்.

இது மூணு வாரத்துக்கு முன்னால. மொதத் தடவ வந்திருந்தோம். ஈசிஜி எடுத்துட்டு இதே பெஞ்சில இருந்தோம். பெனிட்டா ஒரு ஸ்டூல இழுத்துப் போட்டுக்கிட்டு ஆவுடைக்கு முன்னால உக்காந்தா. ஆவுடையம்மாள், என் வீட்டம்மா பேரு.

“அம்மா, கடந்த ரெண்டு வாரத்துல எந்த வேலையிலயும் ஆர்வமோ சந்தோஷமோ இல்லாம இருந்துச்சா?”ன்னா.

ஆவுடை என்னப் பாத்தா. நான் சொன்னேன், “அதெல்லாம் கெடையாது. காலையில நாலரைக்கு எந்திச்சிருவா. அஞ்சரைக்குக் காப்பி வந்துரும். ஒருநாள் பிந்துனதில்ல. பூஜ்யம் போடும்மா.”

“தூக்கம் எப்படிம்மா?”

“பத்து மணிக்கு லைட்ட அணைச்சா விடியத்தான்”னேன். ஏன், நான் பத்து மணிக்குத் தூங்கிருவேன். அவ முழிச்சுக் கெடந்தா பக்கத்துல படுத்திருக்க எனக்குத் தெரியாதா?

பசி எப்படின்னா. நான் சாப்பிட்ட பொறவு அவ சாப்பிடுவா. எவ்வளவு சாப்பிடுதான்னு நான் நின்னு பாத்ததில்ல, ஆனா பான காலியாத்தான இருக்கு? பூஜ்யம். பேப்பர் படிக்க, டிவி பாக்க மனசு ஒரு எடத்துல நிக்குதாங்கா. பேப்பர் நான்தான் படிப்பேன், டிவியில செய்தி நான்தான் பாப்பேன், அவளுக்கு இதுல என்ன கஷ்டம்? பூஜ்யம். ‘மத்தவங்க கவனிக்கிற அளவுக்கு மெதுவாப் பேசுறது, மெதுவா நடக்குறது உண்டா?’ன்னு ஒரு கேள்வி. எனக்குச் சிரிப்பு வந்துட்டு. அவ பேசுறதே கெடையாது, இதுல மெதுவா என்ன, வேகமா என்ன?

“சார், அம்மாவே சொல்லட்டுமே”ன்னு அந்தப் பொண்ணு ரெண்டு தடவ சொல்லிச்சு. “அவ சொன்னா என்ன, நான் சொன்னா என்ன, ஒரே வீடுதான?”ன்னேன்.

கடைசிக் கேள்விக்குக் கொரலத் தாழ்த்திக்கிட்டா. செத்துப்போயிட்டா தேவலன்னு எப்பவாவது தோணியிருக்கான்னு கேக்கா, அண்ணாச்சி! சுமங்கலிப் பொம்பளகிட்ட, புருஷன் குத்துக்கல்லா பக்கத்துல உக்காந்திருக்கும்போது! எனக்குச் சுள்ளுனு வந்துட்டு. “ஏம்மா, உங்க வீட்டுல பெரியவங்க இல்லையா? எதக் கேக்கணும், எதக் கேக்கக்கூடாதுன்னு ஒரு இது வேண்டாம்?”னு சத்தம் போட்டேன். அந்த வராந்தாவே திரும்பிப் பாத்துது. ஆவுடையப் பாத்து, “என்னட்டி, நான் சொன்னது எல்லாம் சரிதான?”ன்னேன். “சரிதான்”னா. ஆக மொத்தம் பூஜ்யம். இருபத்தேழுக்கு பூஜ்யம். பெனிட்டா அந்தத் தாள மடிச்சுக்கிட்டு, அடுத்த தடவ எக்கோ எடுக்க வரும்போது மறுபடி ஒருதடவ கேப்போம்னா. இன்னும் ஒரு பூஜ்யம் வாங்கிக்கிட்டுப் போன்னு நெனச்சுக்கிட்டேன்.

அவளுக்கு என்ன கொற, நீங்களே சொல்லுங்க. குடிக்க மாட்டேன், சீட்டாட மாட்டேன், இதுவரைக்கும் கை ஓங்குனதில்ல. பென்ஷன் வருது. ஒரே மவ, ஓசூர்ல கட்டிக்குடுத்திருக்கு. ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம போன் பண்ணுவா. நான் ஸ்பீக்கர்ல போட்டு எல்லாத்தையும் விசாரிச்சுருவேன். “அம்மாகிட்ட குடுங்கப்பா”ம்பா. “அம்மா இங்கனதான் நிக்கா, கேட்டுக்கிட்டுத்தான் இருக்கா”ம்பேன். அவளும் நின்னு கேப்பா.

எங்க வீட்டு வாசல்ல நின்னு ஒருத்தி ஏமாத்த முடியாது, தெரியுமா? காய்கறி வாங்கி உள்ள வந்தா மேச மேல தராசு இருக்கு. எரநூறு கெராம்னு சொல்லி நூத்தி எண்பது போட்டிருந்தா கொண்டுபோய் மூஞ்சியில எறிஞ்சுட்டு வான்னுருவேன். இவளே போய்ச் சொல்லணும், அப்பத்தான கத்துக்கிடுவா. பூக்காரி ஒருத்தி தெனமும் சாயந்தரம் வருவா. கூடைய எறக்கி வச்சுட்டு இவகூட அரை மணி நேரம் ஊர்க்கத பேசுவா. இவளும் கன்னத்துல கை வச்சுக்கிட்டு உக்காந்து கேப்பா. அந்தப் பூக்காரி கையால மொழம் போட்டு விக்கா. மொழங்கறது ஒரு அளவா? சட்டப்படி மீட்டர்தான். ஒருநாள் இரும்பு மீட்டர்கோல எடுத்துட்டு வந்து, அவ குடுத்த ரெண்டு மொழத்தையும் தெருவுல வச்சே அளந்தேன். எண்பத்தி நாலு சென்டிமீட்டர்! கேட்டேன் பாருங்க ஒரு கேள்வி, நாலு வீட்டு ஆளுங்க வெளிய வந்துட்டாங்க. கூடையத் தூக்கிட்டுப் போனவதான், பொறவு அந்தத் தெருவுக்கே வரல. கீரக்காரியும் நின்னுட்டா. தயிர்க்காரியும் எங்க வாசலத் தாண்டிப் போயிருவா. நல்லதாப் போச்சு. இப்ப எல்லாச் சாமானும் பாக்கெட்ல எடை அச்சடிச்சது, நானே போய் வாங்கிட்டு வந்துருதேன். இவ வாசலுக்கு வர வேண்டிய வேலையே கெடையாது. எத்தன பொம்பளைக்கு வாய்க்கும் இது?

சரி, இன்னைக்குக் கதைக்கு வாரேன். காலையில ஒம்பதரைக்கே வந்து எக்கோ எடுத்துட்டோம். பெனிட்டா வந்தா. இன்னைக்கு ரொம்ப மரியாத. “சார், எக்கோ ரிப்போர்ட் கீழ லேபுல குடுப்பாங்க, நீங்களே போய் கையெழுத்துப் போட்டு வாங்குனாத்தான் குடுப்பாங்க”ன்னா. நானும் போனேன். கீழ போனா நூறு பேரு நிக்கான். வரிசையில நின்னு வாங்கிட்டு மேல வர ஒரு மணி நேரம். பொறவுதான் புரியுது, அந்தச் சின்னச் சனியன் வேணும்னே என்னக் கீழ அனுப்பியிருக்கா. கையெழுத்தும் கேக்கல, ஒண்ணும் கேக்கல. ஒரு சீட்டக் காட்டுனா யாருகிட்ட வேணும்னாலும் குடுப்பாங்க. இருபத்தொம்பது வருஷமா கடைக்காரன் பித்தலாட்டத்தையெல்லாம் பாத்தவன் ஒரு கண்ணாடிக்காரிகிட்ட ஏமாந்துட்டேன்.

மேல வந்தா பெஞ்சில ஆவுடையக் காணோம். இந்த ஏழாம் நம்பர்லதான் இருந்தா. மனசு டாக்டரம்மா, ஹமீதான்னு பேரு, என்னக் கூப்பிட்டு உக்காரச் சொல்லி, தண்ணி குடிக்கியளான்னு கேட்டாங்க. டாக்டர் சும்மா தண்ணி குடிக்கச் சொல்வாங்களா? இருதயத்துல ஏதோ பெருசா இருக்குன்னு நெனச்சுட்டேன். “இருதயம் நல்லா இருக்கு சார். அம்மாவுக்கு மனச்சோர்வு ரொம்பக் கடுமையா இருக்கு. இன்னைக்கு இருபத்தொண்ணு வந்திருக்கு”ன்னாங்க.

இருபத்தொண்ணு! நான் சிரிச்சுட்டேன். “மூணு வாரத்துக்கு முந்தி பூஜ்யம், இன்னைக்கு இருபத்தொண்ணா? இப்படி ஒரு தராச எவனாவது கடையில வச்சிருந்தான்னா நான் கேஸ் எழுதியிருப்பேன் டாக்டரம்மா”ன்னேன். அவங்க சிரிக்கல. “சார், அம்மா மூணு மணி நேரத்துக்கு மேல தூங்கி ஒரு வருஷமாச்சு. ஒரு வேள சாப்பாட்டத் தெனமும் மாட்டுக்குப் போடுறாங்க. அதெல்லாம் இருக்கட்டும். வீட்டுல மாத்திரைய ஒண்ணொண்ணாச் சேத்து வச்சிருக்காங்க. இந்த வாரத்துலன்னு நாள் குறிச்சிருக்காங்க. அவங்கள இன்னைக்கு வீட்டுக்கு அனுப்ப எனக்கு மனசு வரல”ன்னாங்க.

இல்லன்னு சொல்ல மாட்டேன் அண்ணாச்சி, அதக் கேட்டதும் கையிலருந்த எக்கோ கவர் கீழ விழுந்துட்டு. பெனிட்டாதான் எடுத்துக் குடுத்தா. பொறவு யோசிச்சுப் பாத்தேன். என் வீட்டுல நான் தொறந்து பாக்காத டப்பா ஏது, நான் பாக்காத மூல ஏது? எனக்குத் தெரியாம அங்க ஒண்ணு சேர முடியுமா? அதுவும் நாள் குறிச்சிருக்காளாம். ஒரு எண்ணெய்க் குளியலுக்கு நாள் குறிக்கணும்னா என்னக் கேட்டுத்தான் குறிப்பா, இவளா நாள் குறிப்பா? அந்தப் பொண்ணு தோண்டித் தோண்டிக் கேட்டிருக்கும், ஆமான்னு சொன்னா விட்டுருவாங்கன்னு இவ தலைய ஆட்டியிருப்பா. தலையாட்டுறது ஒண்ணுதான் அவளுக்குத் தெரிஞ்ச வித்த. அத எனக்கு மேல யாருக்குத் தெரியும்?

“பத்து நாள் இங்க இருக்கட்டும். நீங்களும் ஒரு கையெழுத்துப் போட்டா நல்லது. மொத நாலு நாள் நீங்க பாக்க வராம இருந்தாலும் நல்லது”ன்னாங்க. எப்படி இருக்கு பாருங்க! என் பொண்டாட்டிய நான் பாக்க வராம இருந்தா அவளுக்குக் கொணமாகுமாம். சம்பந்தி வீட்டுல கேட்டா என்ன சொல்ல? மூணாவது வீட்டு வாத்தியாரு கேட்டா என்ன சொல்ல? ஆவுடை கோட்டி பிடிச்சு ஆஸ்பத்திரியில இருக்கான்னு சொல்லவா?

“கையெழுத்து அப்புறம். மொதல்ல இந்த அளவு சரியான்னு நான் சோதிக்கணும். என் முன்னால வச்சு மறுபடி கேளுங்க”ன்னேன். டாக்டரம்மா, “இது அப்படிக் கேக்குற விஷயம் இல்ல சார்”ன்னாங்க. என்ன விஷயமா இருந்தா என்ன? அளவுன்னா அளவு. அந்தப் பொண்ணு கையில இருந்த தாளப் பிடுங்கிட்டேன். நானே நாற்காலிய இழுத்து ஆவுடைக்கு நேரா முட்டுக்கு முட்டு உக்காந்துக்கிட்டு ஒண்ணொண்ணா வாசிச்சேன். நிறுத்தி, நிதானமா, பிசிறு இல்லாம வாசிச்சேன்.

“வேலையில ஆர்வம் இல்லாம இருந்துச்சா?”

“இல்ல.”

“தூக்கத்துல கொறையா?”

“இல்ல.”

தலையக் குனிஞ்சுக்கிட்டு, முந்தானை நுனிய வெரல்ல சுத்திக்கிட்டு, இல்ல, இல்ல, இல்ல. எட்டுக் கேள்வி, எட்டு இல்ல. ஒரு எடத்துல கூட தடங்கல் இல்ல. நான் டாக்டரம்மாவப் பாத்தேன். “பாத்தியளா? இதுதான் சரியான எடை”ன்னேன். பெனிட்டா மொகத்தப் பாக்கணுமே! அழுதுருவா போல இருந்தா. ஆராய்ச்சி போச்சுல்ல?

ஒம்பதாவது கேள்விய வாசிச்சேன். அதையும் ஒழுங்கா, முழுசா வாசிச்சேன். செத்துப்போயிட்டா நல்லதுன்னு நெனப்பு வந்துச்சா?

ஆவுடை சொவத்தப் பாத்தா. அங்க ஒரு காலண்டர்கூட இல்ல, வெறுஞ்சொவரு. நான் மறுபடி கேட்டேன். “ஏட்டி, ஒன்னத்தான். இல்லன்னு சொல்லு”ன்னேன்.

அப்ப சொன்னா அண்ணாச்சி. சொவத்தப் பாத்துக்கிட்டே, “நீங்க வெளிய இருங்க”ன்னா.

மூணே வார்த்தை. நான் டாக்டரம்மாகிட்டச் சொல்லுதாளோன்னு நெனச்சுத் திரும்பிப் பாத்தேன். எனக்குத்தான். என்னத்தான் வெளிய இருக்கச் சொல்லியிருக்கா. சொல்லிக் குடுத்திருக்காளுவ, வேற என்ன? அவளா அப்படிப் பேசுவா? நான் எந்திக்கல. டாக்டரம்மா எந்திச்சு வந்து கதவத் தொறந்து பிடிச்சுக்கிட்டு நின்னாங்க. ஒரு பொம்பள டாக்டர் கதவப் பிடிச்சுக்கிட்டு நிக்கும்போது நாம சட்டம் பேச முடியுமா? இந்தக் கையெழுத்துத் தாளையும் கையில குடுத்து அனுப்பிட்டாங்க. அதுலருந்து இங்கனதான் இருக்கேன்.

இப்ப சொல்லுங்க, நான் கையெழுத்துப் போடணுமா? எட்டு பூஜ்யம் என் காதால கேட்டிருக்கேன். ஒம்பதாவது ஒண்ணு பாக்கி, அவ்வளவுதான். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனா ராத்திரிச் சோத்துக்கு அரிசி களஞ்சு போட்டுருவா, எல்லாம் சரியாயிரும். மாத்திர கீத்திர எதும் இருந்தா நான் தேடி எடுத்து வெளிய எறிஞ்சுருதேன். இதுக்குப் பத்து நாளாம், வார்டாம். ஒரு தாளு, ஒரு பென்சிலு, ஒம்பது கேள்வி. இவளுவளுக்கு ஒரு குடும்பத்தப் பத்தி என்ன தெரியும்?

ஏ, கரண்டு போயிட்டு. ஜெனரேட்டர் போட நேரமாகும், இங்க எல்லாம் அப்படித்தான். அந்த ஏசி எரைச்சல் நின்னதும்தான் காது தொறந்த மாதிரி இருக்கு, பாத்தியளா.

அது என்ன, உள்ள யாரோ பேசுதா? கேக்குதா உங்களுக்கு? ஏழாம் நம்பர்லருந்துதான வருது? எவளோ ஒருத்திய நடுவுல உள்ள விட்டுட்டாங்க, பாருங்க. வேணும்னா அந்தப் பக்கம் இன்னொரு வாசல் இருக்கும். என் வீட்டம்மாவ ஒரு மூலையில உக்கார வச்சுட்டு அடுத்த ஆளப் பாக்காங்க. இதுதான் இவங்க ஒழுங்கு. டோக்கன் எதுக்குக் குடுக்குதிய அப்ப?

என்னா வாய்! மூச்சு விடாம பேசுதா. அய்யய்யே, அழுதுக்கிட்டே பேசுதா. இப்ப சிரிக்கா. ஆஸ்பத்திரின்னு ஒரு அடக்கம் வேண்டாம்? இவளக் கட்டுனவன் வீட்டுல வாயத் தொறக்க முடியுமாங்கிய? இதுதான் அண்ணாச்சி அசல் கோட்டி. இவளுக்குப் போடட்டும் இருபத்தொண்ணு, நான் கேக்க மாட்டேன். என் வீட்டம்மா பாவம், இதையெல்லாம் கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கா. நான் போயி கதவத் தட்டி...

என்ன, கையப் பிடிக்கிய? என்னத்தக் கேக்கச் சொல்லுதிய?

“...எங்க வேணும்னாலும் இருக்கேன் டாக்டரம்மா. தரையில படுத்துக்கிடுதேன். குற்றாலிங்கம் இருக்க வீட்டுக்கு மட்டும் என்ன அனுப்பிராதீங்க. குற்றாலிங்கத்தோட செருப்புச் சத்தம் கேட்டாலே எனக்குக் கொல நடுங்குது...”

குற்றாலிங்கம்.

அது என் பேரு அண்ணாச்சி.

இல்ல, இருங்க. வேற குற்றாலிங்கம் இல்லையா? தென்காசிப் பக்கம் தெருவுக்கு நாலு பேரு இருப்பான். ஆவுடை என் பேரச் சொல்ல மாட்டா. கல்யாணத்துலருந்து இன்னைக்கு வரைக்கும் அவ வாயில என் பேரு வந்ததில்ல. ரேஷன் கடையில குடும்பத் தலைவர் பேரு கேட்டாக்கூட பக்கத்துல நிக்கவ சொல்லணும். அவ்வளவு மரியாத. பேரச் சொன்னா புருஷனுக்கு ஆயுசு கொறையும்னு அவங்க அம்மா சொல்லிக் குடுத்து அனுப்பியிருந்தா. மொதநாளே எங்கிட்டச் சொன்னா, அப்ப எவ்வளவு பெருமையா இருந்துச்சு தெரியுமா எனக்கு? அவளா இப்படி, ஏதோ கடன்காரன் பேரச் சொல்லுத மாதிரி...

இந்தா பெனிட்டா வாரா. ஏம்மா, இங்க வா. உள்ள யாரும்மா பேசுதது?

“யாரு சார், அம்மாதான். உள்ள வேற யாரும் இல்லையே. தண்ணி கேட்டாங்க, எடுக்கப் போறேன். அந்தப் பேப்பரக் குடுங்க சார். நீங்க போட வேண்டாம், அம்மாவே கையெழுத்துப் போட்டுக்கிறேன்னு சொல்லிட்டாங்க. அவங்க போட்டாலே போதுமாம்.”

அவளா? அவ எதுலயும்... சரி. இந்தா. எடுத்துக்கோ.

போயிட்டா. என் கையெழுத்து வேண்டாமாம்.

அஞ்சு மணி பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கு. நீங்க எதுக்கு என்ன அப்படிப் பாக்கிய? உங்க தாளப் பூர்த்தி பண்ணுங்க, கூப்பிடப் போறாங்க. பேனா இல்லையா? இந்தா, இத வச்சுக்கிடுங்க.

மறுபடி ஆரம்பிச்சுட்டா. கேக்குதா? இப்ப அழல. என்னமோ வெவரமாச் சொல்லுதா, ஒண்ணு விடாம சொல்லுதா. கல்யாணமாகி முப்பத்தொரு வருஷம் அண்ணாச்சி. இப்படி ஒரு கொரல என் வீட்டுல நான் கேட்டதே இல்ல.